தொலைந்ததா, கைவிடப்பட்டதா

வரைபடத்தில் மஞ்சள் பூசிய இடத்தில் மட்டும்
கருவியை இயக்கலாம்.
சிவப்பில் கூடாது; அங்கே பழைய செப்புச் சுரங்கத்தின்
புகைபோக்கி பாதி நிற்கிறது.
நீலக் கயிறு கட்டிய மணலிலும் கூடாது.
கைக்குள் அடங்கும் பறவை ஒன்று
கூழாங்கல் நிறத்தில் நான்கு முட்டை இட்டிருக்கிறது.
கரண்டி எட்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது.
தோண்டிய குழியைத் தோண்டியவரே மூட வேண்டும்.

ஒரு கோடையில் இதை நானூறு தடவை சொல்வேன்.
பூங்கா அலுவலகத்தின் ஒற்றை ஜன்னல் என்னுடையது.
எதிரே சுப்பீரியர் ஏரி
எந்த விதியையும் வாசிக்காமல் கிடக்கிறது.

ரைலி ஹகாலா மே மாதம் மூன்றாம் வாரம் வந்தாள்.
குளிர்காலம் முழுக்கப் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவள்.
படிவத்தை நின்றபடியே நிரப்பினாள்.
ஏழாம் கட்டத்தில் பேனா நின்றது:
தேடும் பொருள் தொலைந்ததா, கைவிடப்பட்டதா?
ஒன்றைச் சுழிக்கவும்.

"எறிந்தது" என்றாள்.
அப்படி ஒரு கட்டம் இல்லை என்றேன்.
"மோதிரம். போன செப்டம்பர்.
படகுத்துறைக்கும் இரண்டாவது பிர்ச் மரத்துக்கும் நடுவில்.
அவன் காரில் உட்கார்ந்து
ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான்."

தொலைந்தது என்றால் அவளுக்கு.
கைவிட்டது என்றால் மண்ணுக்கு; மண் மாநிலத்துக்கு.
கைதவறியதற்கு ஒரு சட்டம் இருக்கிறது,
கைகழுவியதற்கு ஒன்று இருக்கிறது,
கை ஓங்கியதற்கு யாரும் எழுதவில்லை.
எதையும் சுழிக்காமல் நீட்டினாள்.
கவனிக்காதவன் போல முத்திரை குத்தினேன்.

ஒன்பது நாள்.
காதில் ஹெட்போனோடு, தலையைச் சாய்த்து,
பக்கத்து வீட்டுச் சண்டையை
ஒட்டுக்கேட்பவள் மாதிரி நடந்தாள்.
மாலையில் கிடைத்ததையெல்லாம்
என் மேசையில் கொட்ட வேண்டும், அதுவும் விதி:
பீர் டப்பாவின் வளையம் பதினேழு,
கூடார ஆணி,
ஒரு கனடா நாணயம்,
பனியாறு எங்கிருந்தோ உருட்டி வந்து போட்ட
பச்சை பூத்த செம்புக் கட்டி.
செம்பை மட்டும் வாங்கி வைத்தேன், இரண்டாம் இணைப்பின்படி.
பத்தாயிரம் வருஷமாக யாரும் கேட்காத பொருள்.
ரசீது போட மூன்று நிமிஷம் ஆனது.

பத்தாம் நாள் மோதிரம்.

நகை என்றால் அறுபது நாள் இங்கே இருக்கும்.
உரியவர் அடையாளம் சொல்லி வாங்கலாம்.
எவரும் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கு.
"உள்பக்கம் பொறித்திருப்பதைச் சொல்லுங்கள்,
இப்போதே கொண்டுபோகலாம்" என்றேன்.
சட்டத்துக்குள் நின்று
என்னால் செய்ய முடிந்த உதவி அவ்வளவுதான்.

அவள் உறையை வாங்கி, மோதிரத்தைப் போட்டு,
தானே நக்கி ஒட்டினாள்.
கண்டெடுத்தவர் என்ற இடத்தில் முழுப் பெயர்.
உரியவர் என்ற இடத்தில்
ஒரு சின்னக் கோடு.

இருபத்துமூன்றாம் நாள் ஓர் ஆள் வந்தான்.
காரை அணைக்கவில்லை. மோதிரம் ஏதாவது வந்ததா என்றான்.
உள்ளே என்ன எழுதியிருக்கும் என்று கேட்டேன்.
"தேதி."
எந்தத் தேதி?
என் தலைக்கு மேலிருந்த நாள்காட்டியை
வெகுநேரம் பார்த்தான்.
வெளியே ரேடியோ
அலைகள் ஆறடி வரை எழும் என்றது.
"கேட்டுவிட்டு வருகிறேன்" என்று போனவன்
யாரைக் கேட்பான் என்று
அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

குஞ்சுகள் பறந்தன. நீலக் கயிற்றைச் சுருட்டி வைத்தேன்.

அறுபத்தோராம் நாள் கதவு திறக்குமுன்பே
ரைலி வாசலில் நின்றாள்.
உறையைக் கிழித்தாள். எடுத்துப் பார்த்தாள்,
யாருடையதோ போல.
விரலில் போடவில்லை.
சட்டைப் பையில் விட்டுப் பொத்தானை மாட்டினாள்.
கண்டெடுத்தவளாகக் கையெழுத்து,
நிதானமாக, ஒரு எழுத்தும் சிதையாமல்.

போகும்போது திரும்பி,
"அந்தப் பச்சைக் கட்டியைக் கேட்டு
யாராவது வந்தார்களா?" என்றாள்.

இன்னும் இல்லை என்றேன்.