டிரை

கேரட் கழுவும் மெஷினில் பத்து மணிக்கு ஆள் மாறியது.
விரல் பத்தும் என்னுடையதுதானா என்று
மடக்கிப் பார்த்தபடி லைன் வீட்டுக்கு வந்தேன்.
மேசையில் கூரியர் பொட்டலம். முந்நூற்று நாற்பது ரூபாய்.
உறைபனி விழுந்தால் கத்துமாம்.
பச்சைப் பலகை ஒன்று,
முறத்தில் கொட்டிப் பொறுக்க இருபத்தாறு உருப்படி.

எட்டு மணிக்கென்றால் நடக்காது.
கேத்தி பாலாடா முழுக்க ஹீட்டர் போடுகிற நேரம்.
கரண்ட் மேட்டில் பாதி வழியிலேயே மூச்சு வாங்கும்.
அயர்ன் ஈயத்தைத் தடவிக்கொடுக்கும்,
உருக்காது.

ஊர் படுத்தது. முனை பழுத்தது.
பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு: பத்தாயிரம் ஓம்.
எல்.இ.டி.யின் நீளக்கால் கூட்டல் பக்கம்.
முதலில் காலைச் சுடு, அப்புறம் ஈயத்தைக் காட்டு
என்று தாளில் படம் போட்டிருந்தது.
அவசரக்காரி நான்.

ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளித்ததாம்.
இங்கே ஈயம்தான் இளிக்க வேண்டும்,
ஒவ்வொரு காலடியிலும் மூக்குத்தி அளவுக்கு.
புகையில் குங்கிலிய வாசனை.
கம்பளிக்குள்ளிருந்து யோகராசு,
"இந்நேரத்துல யாருக்குப் பூசை?"
குத்தகை அரை ஏக்கருக்கு, என்றேன்.
கிழங்குச் செடி முழங்கால் உயரம்.
கடன் அதைவிடக் கொஞ்சம் உயரம்.

மீன்கடை ஐஸில் தெர்மிஸ்டரை முக்கினேன்.
கத்தியது. ஏதோ ஒரு நாய் பதில் சொன்னது.
வயரை ஜன்னல் வழியாக வெளியே நீட்டிவிட்டு
இந்த மாசத்தில் முதல் தடவையாக
மணி பார்க்காமல் படுத்தேன்.

கதவு இடிபட்டது.
பக்கத்துத் தோட்டத்து போஜண்ணா.
காட்டுமாட்டுக்குக் காவல் படுப்பவர், சர்க்கரைக்காரர்.
மூன்று மணிக்கு ஒண்ணுக்குப் போனவரின்
செருப்புக்கடியில் புல் நொறுங்கியிருக்கிறது.
"வெள்ளை விழுந்திருச்சு! தண்ணியத் தொறந்து விடுங்க!"
ஸ்பிரிங்ளர் எட்டாத மூலைக்கு
நானும் யோகராசும் வாளியோடு ஓடினோம்.
மேல் பாத்தி பிழைத்தது.
ஓடைப் பக்கம் ஆறு வரிசை
வெயில் பட்டதும் டீத்தூள் நிறத்துக்குப் போனது.

வந்து பார்த்தால்
சிவப்பு எல்.இ.டி. எரிந்துகொண்டிருக்கிறது.
ராத்திரி முழுக்க எரிந்திருக்கும்,
சுவரைப் பார்த்து.
தெரிந்திருக்கிறது அதற்கு.
சத்தம்தான் வரவில்லை.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பலகையைத் திருப்பிப் போட்டேன்.
எல்லா மூக்குத்தியும் மின்னியது,
பஸ்ஸரின் இடது கால் தவிர.
அங்கே சாம்பல் பூத்து, சுற்றிலும் மயிரிழை விரிசல்.
ரிப்பேர்க்காரர்கள் இதை டிரை என்பார்கள்.
ஈயம் காட்டுவதற்கு முன்னால் காலைச் சுடவில்லை.
ஆள் நடமாடும் சூட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது,
குளிர் இறங்கியதும் சுருங்கி விலகிவிட்டது.

அண்ணா வீட்டுக்கும் ஒன்று செய்து தரவா என்று கேட்டேன்.
"எனக்கெதுக்கு? டாக்டர் மாத்திரைய மாத்தாத வரைக்கும்
நான் அடிப்பேன்" என்றார்.
கருகிய வரிசையைப் பார்த்ததும்
சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

இன்றைக்கு எனக்கு வேலை இல்லை.
அயர்னைச் சொருகி அரை மணி ஆகிறது.
மணி எட்டு. பல்பு மஞ்சளாக முனகுகிறது.
முனையில் ஈயத்தை வைத்து வைத்து எடுக்கிறேன்.
இன்னும் இளகவில்லை.

வெளியே
பேருக்கு ஒரு மேகம் இல்லை.