செயப்பாட்டு வினை

பாசிலாவில், இரண்டாம் மாடி ஒளிபரப்புக் கூடத்தில்
தூலிக்கிக்குக் கறுப்புச் சட்டைதான் சீருடை.
கைகள் தெரிய வேண்டும், ஆள் தெரியக் கூடாது.
திரையின் வலது மூலையில் ஒரு சிறு கட்டம்
அவளை இடுப்போடு வெட்டி வைத்திருக்கும்.
எட்டே கால் மணிச் செய்தி, காது கேளாதவர்களுக்கு.

இன்றைய தாள்:
‘குடியிருப்பு ஒன்று தாக்கப்பட்டது.
பதினோரு பேர் உயிரிழந்தனர்.’

ஆறே சொல்.
வாய்க்கு அது சுலபம்.
தாக்கியவர் எழுந்து போனதும்
அவருடைய நாற்காலியை மேசைக்கடியில் தள்ளிவிடும்
இலக்கணம்.
தாக்கப்பட்டது என்பதில்
பட்டது மட்டும் மிச்சம்.

கைகளுக்கு அந்த வசதி கிடையாது.
‘தாக்கு’ என்றால் கை
ஓரிடத்திலிருந்து புறப்பட்டாக வேண்டும்.
இடது தோளுக்கு அப்பால் ஒரு நாடு,
வலது தோளுக்கு அப்பால் இன்னொன்று:
பதினான்கு மாதமாகக் காற்றில் அவளே நட்டுவைத்த எல்லைகள்.
கோவ்லாவிலும் ஓவுலுவிலும் பார்ப்பவர்களுக்கு
அவை மனப்பாடம்.

செவ்வாய்க்கிழமை சிரமமே இருக்கவில்லை.
அன்றைய தாளில் எழுவாய் இருந்தது,
முதல் சொல்லாகவே.
அவர்களுடைய ஏவுகணை. நம் நண்பர்களின் நகரம்.
படுகொலை என்று தடித்த எழுத்து.
‘குழந்தைகள்’ என்றும் இருந்தது.
குழந்தை என்றால் உள்ளங்கையைத் தாழ்த்தி
இல்லாத ஒரு தலையைத் தொட வேண்டும்.
படத்தில் இருந்தவன் மிகச் சிறியவன்.
தூலிக்கி முழங்கால் உயரத்துக்குக் குனிந்தாள்,
காமிராவும் கூடவே குனிந்தது.

இன்று வெள்ளி. இன்று மற்றவர்களின் நகரம்.
‘பதினெட்டு வயதுக்குட்பட்டோர் நால்வர்’ என்கிறது தாள்.
பதினெட்டுக்கு உயரம் இல்லை.
விரல்களால் எண்ணைக் காட்டிவிட்டுப் போகலாம்.

“எந்தப் பக்கத்திலிருந்து?” என்று கேட்டாள்.
ராய்னே கெட்டவர் அல்ல.
மகளுக்குப் பல் முளைக்கும் காய்ச்சல்,
மூன்று இரவாகத் தூக்கம் இல்லை.
“இன்னும் உறுதியாகவில்லை. பக்கம் வேண்டாம்.
மேலிருந்து விழுகிற மாதிரி வைத்துக்கொள்.”

மேலிருந்து.
பனி மாதிரி.

போன வாரம் ஏழாம் எண் டிராமில்
தூலிக்கி ஒரு குடையை இழந்தாள்.
தொலைந்த பொருள் அலுவலகத்தில் கேட்டார்கள்,
எங்கே வைத்தீர்கள்,
கடைசியாக எப்போது பார்த்தீர்கள்.
தன் கவனக்குறைவு என்று கையெழுத்துப் போட்டாள்.
அதே வினைச்சொல்தான்
பதினோரு பேருக்கும்.

சிவப்பு விளக்கு.
வாசிப்பவர் தொடங்கிவிட்டார்.
இடது கையைச் சுவராக நிறுத்துகிறாள், அது வீடு.
வலது கை தலைக்கு மேல் போகிறது.
போய், நிற்கிறது.
இடது தோளைத் திரும்பிப் பார்க்கிறாள்,
பிறகு வலது தோளை.
புருவத்தைச் சுளிக்கிறாள்.
அவளுடைய மொழியில் கேள்விக்குறி அங்கேதான் இருக்கிறது.
தாளில் இல்லாத ஒரு சொல்.
“தூலிக்கி,” என்கிறது காதுக்குள் ராய்னேயின் குரல், “விழட்டும்.”

விழுந்தது. அதற்குள்
வாசிப்பவர் அடுத்த பக்கம் போய்விட்டார்,
வானிலைப் படம் வந்துவிட்டது,
லாப்லாந்து முழுக்க நீலம்,
சிறு சிறு நட்சத்திரங்களாக நாளைய பனி.
அவள் இன்னும் அந்த நால்வரில் இருந்தாள்.
உயரம் தெரியாது, ஊகித்தாள்.
ஒருவருக்கு மார்பளவு.
ஒருவருக்கு இடுப்பு.
அதற்குக் கீழே போனபோது
காமிரா அசையவில்லை.

ஓவுலுவில், காகித ஆலையில் ஓய்வு பெற்ற இர்மெலி,
கையில் காப்பிக் கோப்பையோடு எழுந்து வந்து
தொலைக்காட்சியின் அடிவிளிம்பருகே குனிந்து
இன்னும் கீழே என்ன இருக்கிறதென்று
எட்டிப் பார்த்தாள்.