சட்டத்தின் அடியில்

நெப்ராஸ்காவில் பிப்ரவரி.
ட்வேன் ஹ்ருஷ்கா ஓட்டிவந்த
அறுபத்து நாலாம் வருஷத்து ஷெவர்லே பிக்கப்
என் சோதனைக் கொட்டகையில்
பனி சொட்டிக்கொண்டு நிற்கிறது.

கதவுத் தூணில் தகடு இருக்கிறது.
எண் இருக்கிறது.
ஆணிகள்தான் புதுசு.

"தூண் துருவேறிப் போச்சு மேடம்.
வெட்டிவிட்டு வேறு பற்றவைத்தேன்.
தகட்டைக் கழற்றாமல் எப்படி?"

கழற்றியது குற்றம் என்கிறது சட்டம்.
எதற்குக் கழற்றினாய் என்றும்
ஒரு வரி தள்ளிக் கேட்கிறது.
அவ்வளவு தூரம் யாரும் படிப்பதில்லை.

உரிமைப் பத்திரத்தில் அண்ணன் லெராய் பெயர்.
தகட்டில் ஏழு உள்ள இடத்தில்
அதில் ஒன்று.
எழுபத்திரண்டில் தட்டச்சு செய்தவருக்கு
மதியச் சாப்பாட்டு அவசரமோ என்னவோ.
காகிதப்படி இது வேறு வண்டி.
காகிதப்படி
லெராய் இன்னும் அதை ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

இன்னொரு சட்டம் இருக்கிறது,
இரும்பில்.
அதிலும் எண் அடித்திருப்பார்கள்.
கம்பித் தூரிகையோடு மல்லாந்து
வண்டிக்கு அடியில் போனேன்.
அறுபது வருஷ மசகும் சேறும்
முகத்தில் உதிர்ந்தன.

ஒரு மூன்று. ஒரு எட்டு.
அப்புறம் நெட்டுக்கு நிற்கும் ஒரு கோடு;
அதன் தலைமாட்டைத்
துரு தின்றிருந்தது.

ட்வேனின் பூட்ஸ் பக்கத்தில் வந்து நின்றது.
"தெரிகிறதா?"

விளக்கைக் கொஞ்சம் சாய்த்துப் பிடி
என்றேன்.