நொட்டாங்கைப் பக்கம்

இர்ஃபான் லேசர் அளவியைச் சுவருக்கு நேரே பிடித்தான்.
சிவப்புப் புள்ளி போய்
பழைய மஞ்சள் கறையொன்றின் மேல் நின்றது.
எட்டரைக்குப் பதினொன்று, என்றான்.
எனக்குத் தெரியும்.
பதினெட்டு வருஷமாய் இடுப்பெலும்பால் அளந்த அறை.

அய்யர் பங்களாவில் மூன்றாம் மாடி.
தண்ணீர் லாரி வரும் நாளில்
ஆறு குடம் மேலேறி வந்து நிற்கும்.
அவன் மடிக்கணினியில் காட்டிய அடுப்படியில்
குடத்தைக் காணோம்.
ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பச்சை ஆப்பிள் இருந்தது,
தலைகீழாய்த் தொங்கும் ஒயின் கோப்பைகள் நான்கு.
இதெல்லாம் யாருக்குத் தம்பி?
சும்மாக்கா, சாஃப்ட்வேரோட வர்றது.

லேசருக்கு வளைவு பிடிபடாது என்று
டேப்பை எடுத்து
குடத்தின் வயிற்றைச் சுற்றி அளந்தான்,
தையல்காரன் மாதிரி, கொஞ்சம் கூச்சத்தோடு.
ஆறு குடத்துக்கும் கதவில்லாத கல்தட்டு.
பிளைவுட் என்றால் ஊறிப் பொத்துவிடும், மெரைனே ஆனாலும்.

பிறகு பரண்.
கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் முழுக்க அங்கேதான்.
ஒவ்வொன்றிலும் புள்ளி புள்ளியாய் வெட்டிய பேர்:
அன்பளிப்பு, ரா. பெத்துராசு, அவனியாபுரம்.
பெத்துராசு யாரென்று
எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.
அவர் வீட்டுப் பக்கமென்று இவர் சொன்னார்,
உன் வீட்டுப் பக்கம் என்று நான்.
போடவும் மனசில்லை, புழங்கவும் இல்லை.
பெத்துராசுக்கு மூன்றடி ஒதுக்கினோம்.

அதன்பின் இழுப்பறைகள்.
அடுப்புக்கு வலப்பக்கம் மசாலா,
வலப்பக்கம் கரண்டி,
கத்தி, இடுக்கி, காய் நறுக்கும் மேடை எல்லாமே
வலப்பக்கம்.
இதுதான் ஸ்டாண்டர்டு, என்றான் இர்ஃபான்.

நான் கையைத் தூக்கிக் காட்டினேன்.
நொட்டாங்கை.
இலையில் பரிமாறும்போது மட்டும் அதைப்
புடவைக்குள் மறைத்துக்கொள்வேன்.
மற்றபடி அரிவது, கிண்டுவது, தோல் சீவுவது,
தோசையைத் திருப்புவது அதுதான்.
மூக்கு வைத்த பால்பாத்திரத்தில்
மூக்கு எனக்கு எப்போதும் எதிர்ப்பக்கம்.
கொதிக்கக் கொதிக்க நூறு தடவை
கையைக் குறுக்கே போட்டு எடுத்திருக்கிறேன் கடுகை.
முழங்கைக்கு மேலே இருக்கிற தழும்பைப் பார்த்து
எண்ணெய் தெறித்ததா என்பார்கள். ஆமாம் என்பேன்.

இவ்வளவுதானாக்கா, என்று
ஒரு விசையைத் தட்டினான்.
அறை புரண்டு படுத்தது.
கரண்டி இந்தப் பக்கம் வந்தது, கத்தி வந்தது,
ஆப்பிள்கூட இடம் மாறி உட்கார்ந்தது.
பதினெட்டு வருஷம்,
ஒரு தட்டு.

அதுவரை செய்தித்தாளுக்குள் இருந்த கோதண்டபாணி
அக்கினி மூலை, என்றார்.
அடுப்பை மட்டும் இழுத்துப் பழைய மூலையில் விட்டோம்.
சிங்க் ஜன்னலுக்கு அந்தப்புறம் போனதில்
குழாய் உடைக்க ஏழாயிரத்து நானூறு கூடுதல்.
தேவையா, என்றார்.
ஏலச்சீட்டில் என் தவணை
வைகாசியில் விழுந்தது என்று
அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.
இப்போது சொன்னேன்.

வேலை முடிய நாற்பது நாள் என்றவர்கள்
எழுபத்தொன்று எடுத்துக்கொண்டார்கள்.
கீலொன்று இன்னும் சத்தம் போடுகிறது.
மூலைத் தட்டு சுற்றவேண்டியது, பாதியில் நிற்கும்.

நேற்று காலை காப்பி போட அவரே உள்ளே போனார்.
ஒரு கதவு திறந்து மூடியது.
இன்னொன்று.
முழங்கை எதிலோ இடித்த சத்தம்,
தம்ளர் உருண்ட சத்தம்.
அப்புறம் கொஞ்சநேரம் ஒன்றுமில்லை.
நாகஜோதி, சீனி எங்கே?

படுத்தபடியே சொன்னேன்,
நொட்டாங்கைப் பக்கம்.