சொல்லுக்கு நாலு ரூபாய்

விஷயம் இதுதான்: ஒரு பைனாகுலர் கம்பெனியின் கையேடு
மூன்று மொழியில் வரவேண்டும்.
சிங்களம் மூன்றாம் மாடி டில்ருக்ஷிக்கு,
தமிழ் எனக்கு.
சொல்லுக்கு நாலு ரூபாய்.
ஃபோகஸ் மட்டும் முப்பத்தொரு தடவை.
அந்த வாரம் வெள்ளவத்தைச் சந்தையில்
ஒரு முட்டைக்குப் பன்னிரண்டு ஃபோகஸ்.

கரண்ட் காலையிலேயே போயிருந்தது.
அகராதியை ஜன்னலோரம் தூக்கிப் போனேன்.
சொல்லின் மூலம் தேடுகிற கெட்ட பழக்கம் எனக்கு;
அதற்கு யாரும் காசு தருவதில்லை.
சதுர அடைப்புக்குள் எறும்பளவு எழுத்தில் கிடந்தது:
லத்தீன். ஃபோகுஸ்.
அடுப்பு.

எங்கள் அடுப்பு பதினாறு நாளாய்க் குளிர்ந்துபோயிருந்தது.
காஸ் சிலிண்டரைச் சங்கிலியில் கட்டி
ஒழுங்கை முடக்கில் கியூவில் விட்டு வந்திருந்தேன்.
எனக்குப் பதிலாக அது வெயிலில் நின்றது,
என்னைவிடப் பொறுமையாய்.

படியிறங்கி டில்ருக்ஷியிடம் சொன்னேன்.
அவளுக்கு எட்டாம் மாதம். சிரிக்கும்போது கதிரையைப் பிடித்துக்கொள்வாள்.
"எங்களுக்கு அது நாபிய" என்றாள்,
சட்டைக்கு மேலாக ஒரு விரல் வைத்து.
தொப்புள்!
உள்ளேயிருந்து யாரோ விரலை உதைத்தார்கள்.
"உங்களுக்கு?"

குவியம் என்றேன்.
குவி என்றால் என்ன என்று கேட்டாள்.
களத்தில் நெல்லைக் குவிப்பது,
பகலில் அல்லி குவிவது,
பிறகு, சொல்லத் தெரியாமல்,
கொதிக்கும் பிளேன்ரீயை ஊதுகிற மாதிரி
உதட்டைக் குவித்துக் காட்டினேன்.
இருவருக்கும் தேநீர் ஞாபகம் வந்து
பேச்சு அங்கேயே நின்றது.

மத்தியானம் மொட்டை மாடிக்கு
ஆளுக்கொரு சீமெந்துக் கல் சுமந்து போனோம்.
விறகு, கால் உடைந்த ஓர் அலுமாரி.
நெருப்புப்பெட்டி கடற்காற்றில் ஊறிப்போய்
உரசிய குச்சியெல்லாம் மருந்து உதிர்த்தது.
மணிக்கூடு திருத்தும் முஸம்மில் நானா
கீழே போய்த் தன் பெரிய கைவில்லையோடு வந்தார்.

பொச்சுத் தும்பின் மேல் வெயிலைப் பிடித்தார்.
முதலில் அது ரொட்டியளவு.
பிறகு ஐந்து ரூபாய்க் குத்தியளவு.
பிறகு மிளகு.
"அசையாதீங்க" என்றார்,
யாருமே அசையாதபோது.
கை மயிரிழை உயர்ந்தாலும் மங்கியது,
தாழ்ந்தாலும் பரந்தது.
கரையோர ரயில் கூவிக்கொண்டு போனது;
ஒரு தலையும் திரும்பவில்லை.
எதையும் படம் பிடிக்கிற சர்மிளி
ஃபோனைக் கையில் வைத்தபடி மறந்து நின்றாள்.

ஒரு நூல் புகை.
வில்லை சுடுகிற புள்ளிக்கு
அடுப்பு என்று பேர் வைத்தவர் எவரோ,
அன்று அவர் வீட்டிலும் சமைக்கவில்லைப் போலும்.

பருப்பு வேக ஒன்றரை மணி நேரம்.
முதல் கோப்பை டில்ருக்ஷிக்கு. நின்றபடியே குடித்தாள்.
முஸம்மில் நானா வில்லையைச் சாரத்தில் துடைத்து
"இது மணிக்கூட்டுக்கு வாங்கினது" என்றார்,
மன்னிப்புக் கேட்பதுபோல.

காஸ் வந்த பிறகுதான் கம்பெனியின் பதில் வந்தது.
குவியம் கஷ்டம், நாபிய கஷ்டம்,
இரண்டிலும் ஃபோகஸ் என்றே போடவும்.
முப்பத்தொரு இடத்திலும் மாற்றினேன்.
விலை மாறவில்லை, அதே நாலு ரூபாய்.
அவர்களுக்கு நான் எதுவும் எழுதவில்லை.

ஆனாலும் அச்சாகி வந்த கையேட்டில்
பதினோராம் பக்கத்தை எப்போது புரட்டினாலும்
எனக்கு இப்படித்தான் வாசிக்க வருகிறது:
அடுப்பை மெதுவாகத் திருப்பவும்,
தூரத்துப் பறவை தெளிவாகும் வரை.