உள்ளூர் முகவரி

படிவத்தில் ஒரு கட்டம்: உள்ளூர் முகவரி.
செக்காலை ரோடு, தேனம்மை வீடு, மாடி அறை
என்று எழுதுவதற்குள் மூன்று தடவை அடித்துவிட்டேன்.
உவாசே என்ற என் பெயரை
ஊர்வசி என்று பதிந்துகொண்டார் கிளார்க்.
சிம் கார்டுக்கு ஆதார் கேட்கிறார்கள்.
என் பிளக் இங்குள்ள ஓட்டையில் நுழையாது.
பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்
'சர்க்கரை கம்மி' சொல்லப் பழகிவிட்டேன்;
சொல்லி முடிப்பதற்குள் அவர் போட்டுவிடுகிறார்.

ருவாண்டாவில், எங்கள் மலைச்சரிவிலிருந்து அம்மா:
பெரிய நகரம்தானே?
ஆமாம் என்றேன்.
சாட்சிக்கு ஒரு படம். கானாடுகாத்தானில்,
இந்தத் தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடியும் ஒரு வீடு.
நாற்பத்தொரு ஜன்னல், எண்ணிவிட்டாளாம்.
உள்ளே எத்தனை பேர்?

காவலுக்கு நின்ற சேவுகனிடம்
என் அரைத்தமிழில் கேட்டேன்.
விரல் மடக்கினார்.
பெரியவரு சிங்கப்பூரு. தம்பி டொரன்டோ.
அவரு மக போன மாசந்தான் மெல்போர்ன், படிக்க.
"பாவம், புது ஊரு.
சோறு எறங்கலையாம் பிள்ளைக்கு."
என்னைத்தான் சொல்கிறாரோ என்று
ஒரு கணம் விழித்தேன்.

பூட்டு என் உள்ளங்கை அகலம்.

அம்மாவுக்கு எழுதினேன்:
நிறையப் பேர்.
எல்லோரும் வெளியே போயிருக்கிறார்கள்.