கணுக்காலைப் பிடித்திருப்பவள்

கிளாக்ஸ்விக் துறைமுகம். மீன் ஆலைக்குப் பின்னால்
தகரக் கூரை போட்ட பயிற்சிக்கூடம்.
ஃபாரோ மழை, பக்கவாட்டில் பெய்கிறது.
மார்யுன் முழங்காலில் நிற்கிறாள்.
நான் அவள் பின்னால் குந்தி
இரண்டு கணுக்கால்களையும் தரையோடு அழுத்தியிருக்கிறேன்.

பின்னந்தொடையில் நான்கு பட்டைகள், நான்கு கம்பிகள்.
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து ஒட்டியவன் ஹெயின்.
ஊசி கிடையாது, என்றான்,
தசை முணுமுணுப்பதை ஒட்டுக்கேட்கும், அவ்வளவுதான்.

மெதுவாக விழு:
இதுதான் பயிற்சி.
முழங்கால் முதல் தலைவரை ஒரே பலகையாய்ச் சாய்ந்து
முடிந்தமட்டும்
விழாமல் விழ வேண்டும்.

முதல் நொடியில் திரையின் கோடு
தூங்கும் பூனையின் முதுகு.
அடுத்த நொடி அதன் மயிர் சிலிர்க்கிறது.
பிறகு
நீண்டுகொண்டே இறுகுகிறது தசை,
விட்டுக்கொடுத்தபடியே பிடித்துக்கொள்கிறது,
கோடு கறுத்து, தடித்து, திரை கொள்ளாமல் தாறுமாறாய்.
ஹெயினுக்கு முன்பே எனக்குத் தெரியும்:
என் கட்டைவிரலுக்கு அடியில் அவள் குதிகால் நரம்பு
புயல் நாளின் படகுக் கயிறு.

ஒரு கோணம் வரும். அதற்கு மேல் முடியாது.
கோடு அறுகிறது.
உள்ளங்கைகள் பாயில் அறைகின்றன.

கையால் தள்ளி எழுகிறாள்.
பார்க்கிறவர்கள் கைதட்டுவது இதற்குத்தான்.
திரையில் இந்தப் பகுதி
வெறுந்தரை.

ஏப்ரலில், யாரும் தொடாமலே,
சுடப்பட்டவள்போல் தொடையைப் பற்றி உட்கார்ந்தாள்.
அவள் இடத்தை எனக்குக் கொடுத்தார்கள்.
ஆறு ஆட்டம், இரண்டு கோல்.
மூன்றாவது ஆஃப்சைடாம். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

"இடது கொஞ்சம் சோம்பல்," என்கிறான் ஹெயின்.
மார்யுன் திரையைப் பார்க்கவில்லை,
தோளுக்கு மேலாக என்னைப் பார்க்கிறாள்.
"இன்னொன்று."

மறுபடி அவள் முழு எடையும் என் கைக்கு வருகிறது.
சனிக்கிழமை அவள் பெஞ்சில் இருக்க வேண்டும்
என்று நான் நினைப்பது உண்மை.
பிடி தளராததும் உண்மை.
என் முன்கையில் யாரும் பட்டை ஒட்டவில்லை,
நல்லவேளை.

பிறகு இடம் மாறினோம்.
காலை ஷிப்ட்டின் குளிர் இன்னும் விடாத
என் கணுக்காலைத் தொட்டதும், "ஐஸ்," என்றாள்.
கையை எடுப்பாளோ என்று பார்த்தேன்.
முழங்கையை நீட்டி, உடம்பையெல்லாம் இறக்கி
அழுத்தினாள்.

நான் சாயத் தொடங்கினேன்.